நீலம் காணாது

நான் மட்டக்களப்பில் ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். வகுப்புக்குக் கொஞ்சம் நூல் வேண்டுமென்று காத்தான்குடியில் ஒரு தறிக்கொட்டிலுக்குப் போனபோது, பின்வளவில் வண்ண வண்ணமாக எதையோ எரித்துக்கொண்டிருந்தார்கள். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் முடியும்போது வெட்டி எறியும் நுனிகள். சாக்குக்கணக்கில் கிடந்தன.

கொட்டிலை நடத்தியவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அக்காவை அந்த ஊரில் ராத்தா என்பார்கள்; நானும் அப்படியே கூப்பிட்டேன். நாலு தறிகளில் ஒன்றுதான் ஓடியது. வெளியிலிருந்து வரும் மெஷின் துணியோடு போட்டி போட முடியவில்லை என்றார். நெய்த சேலைகள் அலுமாரி நிறைய மடித்துக் கிடந்தன.

அந்த நுனிகளைப் பலகையில் ஒட்டிப் படம் செய்தால் விற்கலாம், அதைக் காட்டிச் சேலைகளையும் விற்கலாம் என்று நான்தான் சொன்னேன். மூன்று மாதம் சனிக்கிழமைகளெல்லாம் அங்கேயே போயின. என் படங்கள் விறைத்து நின்றன. ராத்தா மூன்றே பச்சை நிறங்களில் வாவிக்கரைக் கண்டல் மரங்களைச் செய்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

நகரத்தில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி வைத்தோம். வாசலருகே சேலைகளுக்கென்று தனி மேசை. வந்தவர்கள் அதைத் தாண்டிப் போய்ப் படங்களுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். ஓர் அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ராத்தாவை என் உதவியாளர் என்று நினைத்துவிட்டார். படங்கள் எல்லாம் விற்றன. ஒரு சேலைகூடப் போகவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ராத்தா சொன்னார்: "எங்கட குப்பைக்கி இரிக்கிற மதிப்பு துணிக்கி இல்லயே டீச்சர்."

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பாடுபட்டதற்கு இதுவா பேச்சு என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு கடற்கரை விடுதி ஒன்றிலிருந்து ஓடர் வந்தது. பன்னிரண்டு படம், எல்லாம் நீலத்தில். ஒரு தறி ஓடினால் எத்தனை நுனி மிஞ்சும்? இருந்த நீலம் நாலு படத்துக்குக்கூடப் போதவில்லை. "நீலம் காணாது ராத்தா, எங்கயாவது பாருங்க" என்று நானே இரண்டு தரம் போனில் நெருக்கினேன்.

அடுத்த சனிக்கிழமை ஒரு பை நிறைய நீல நூல் தந்தார். கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. பாவு நுனி நேராக இருக்கும்; நெய்து பிரித்த நூல் நெளிந்திருக்கும். இது முழுக்க நெளிந்திருந்தது.

"சேலையப் பிரிச்சிட்டீங்களா?"

"ஓம். நீங்கதானே நீலம் கேட்டீங்க. அலுமாரிக்குள்ள கிடந்தா பூச்சிதானே திங்கும்."

நான் கத்திவிட்டேன். அங்கேயே நின்று விடுதிக்குப் போன் எடுத்து, படத்துக்குப் பதிலாக மேசை விரிப்பு நெய்து தரலாமா என்று கேட்டேன்.

"துணி எங்களுக்குக் கொழும்பில இருந்து வருது மிஸ்," என்றார் மனேஜர். "கழிவில செஞ்சது எண்டாத்தான் டூரிஸ்ட்டுக்குச் சொல்ல ஒரு கதை இரிக்கும்."

அப்படியானால் ஓடர் வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்தேன். நியாயமாக நடந்துகொண்டதாகத்தான் நினைத்தேன். ராத்தாவின் முகம் சிவந்துபோயிருந்தது.

"வேணாமெண்டு சொல்ல நீங்க ஆரு டீச்சர்? தறியும் என்ட, சேலயும் என்ட. உங்களுக்குச் சம்பளம் வருது."

அவரே அந்த மனேஜரைக் கூப்பிட்டுப் பேசி, ஓடரை மீட்டார். நான் குனிந்திருந்து பசை பூசினேன். பன்னிரண்டு படமும் போய்ச் சேர்ந்தன. அந்தக் காசில் நூல் வாங்கி இரண்டாவது தறியையும் ஓட்டத் தொடங்கினார்.

இப்போது இரண்டு தறிச் சேலைகள் அலுமாரிக்குள் சேர்கின்றன. ஒன்றை நான் வாங்கி, வாரத்தில் இரண்டு நாள் பாடசாலைக்குக் கட்டிக்கொண்டு போகிறேன். நல்ல அழுத்தமான நெசவு, ஓரம் பிசகாத கரை. ஆசிரியர் அறையில் எல்லாரும் படங்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.