நோகாமல் ஊசி போடுகிற ஜூலி மிஸி

ஜூலி மிஸிக்கு இருந்தது ஒரேயொரு கர்வம்தான். ஆனால் இருபத்தாறு வருட தாதிச் சேவைக்கும் போதுமான கர்வம் அது. அவர் ஊசி போட்டால் நோகாது. வாவிக்கரையில் இருக்கிற அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் மற்ற மிஸிமார் சும்மா நிற்க, அவருடைய அறைக்கு முன்னால் வரிசை வாசல்வரை நீளும். "அவ போட்டா நுளம்பு கடிச்ச அளவுக்கும் இல்ல" என்று சனம் சொல்லும்போது, கேட்காதவர்போல் பஞ்சை நனைத்துக்கொண்டிருப்பார். காது மட்டும் வரிசையில் நிற்கும்.

அந்த வரிசையில் தவறாமல் வருபவள் றோசம்மா. சந்தையில் இறால் விற்கிறவள். குரலுக்கும் உடம்புக்கும் குறைவில்லாதவள். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைப் பழுதாக்கிவிட்டுப் போயிருந்தது. அது திரும்பி வராமல் இருக்க, நாலு கிழமைக்கு ஒருமுறை பிட்டத்தில் பென்சிலின் போடவேண்டும். விட்டால் உயிருக்கே ஆபத்து. உயிர் நண்டை வெறுங்கையால் பிடிக்கிற றோசம்மாவுக்கு ஊசியைக் கண்டால் கால் நடுங்கும். ஒருமுறை ஜூலி மிஸி லீவில் நின்றபோது, வேறொரு மிஸி மருந்தை எடுக்க முதலே இவள் பின்கதவால் ஓடிப்போய், இரண்டு மாதம் தலைகாட்டவில்லை.

போன மாதம் மட்டக்களப்பு நகரில் மிஸிமாருக்குப் பயிற்சி நடந்தது. டொக்டர் ஜெயராஜா தோலும் கொழுப்புமாய் ஒரு பெரிய பன்றி இறைச்சித் துண்டை மேசையில் வைத்து, தசைக்குள் நீலச் சாயத்தை ஏற்றச் சொன்னார். "ஜூலி அக்காதான் முதல்" என்று எல்லோரும் தள்ளிவிட்டார்கள். பெருமையை மறைக்கப் பார்த்து, மறைக்க முடியாமல் அவர் எழுந்து போனார். வழக்கமான நீளம் குறைந்த கட்டை ஊசி, வழக்கமான சாய்வு. டொக்டர் துண்டை வெட்டிக் காட்டினார். சாயம் முழுக்க வெள்ளைக் கொழுப்பில் கிடந்தது. இறைச்சியில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

"கொழுப்புக்குள்ள போட்டா அவ்வளவா நோகாது. ஆனா மருந்து ஒழுங்கா உடம்புல இழுபடாது. கட்டியாயும் நிண்டிரும்" என்றார் டொக்டர். பிறகு, கொழுப்புக் குறைந்த இடுப்புப் பக்கத்தில், உடம்புக்கேற்ற நீள ஊசியால் போடும் விதத்தைக் காட்டினார்.

ஜூலி மிஸிக்கு அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை. றோசம்மாவின் முகமே கண்முன் நின்றது. சரியாகப் போட்டால் நோகும். நொந்தால் ஓடுவாள். ஓடினால் அந்த இதயம் என்னவாகும்? பழையபடியே போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும் என்றும் ஒரு கணம் நினைத்தார். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

தவணை நாளில் உண்மையைச் சொன்னார்.

"றோசம்மா, இண்டைக்கு நோகும்கா. இவ்வளவு நாளும் நான்தான் பிழையாப் போட்டிருக்கன்."

"என்ன மிஸி, பகிடியா?"

பகிடி இல்லை. உள்ளங்கையை இடுப்பின் பக்கவாட்டில் வைத்து, இரண்டு விரலை விரித்து, நடுவில் ஊசியை நேராக இறக்கினார். றோசம்மா போட்ட சத்தத்தில் வெளியே நின்ற வரிசை பாதியாய்க் குறைந்தது. "ஊரெல்லாம் சொல்லுவன்!" என்று நொண்டிக்கொண்டு போனவள், சொன்னபடியே செய்தாள். மற்ற மிஸிமாருக்கும் வேலை வந்தது.

அடுத்த தவணை நாள். பத்து மணியாயிற்று, பதினொன்றாயிற்று. ஜூலி மிஸி வாசல் கேற்றைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து நொந்துபோனார். பன்னிரண்டுக்குக் கிட்ட இறால் வாசம் முதலில் வந்தது. பின்னால் றோசம்மா.

"வரமாட்டாய் எண்டு பயந்துபோனன்."

"வர மனமில்லத்தான். ஆனா மிஸி, இந்தமுறை கட்டி வரல்ல."

"எந்தக் கட்டி?"

"ஒவ்வொரு முறையும் வாறதுதானே, கோழிமுட்டை அளவுல. எங்கட வீட்டுக்காரர்தான் உப்பு ஒத்தணம் குடுக்கிற. ஒரு கிழமைக்குச் சரிஞ்சு இருந்துதான் இறால் விப்பன்."

"அடி பாவி! இவ்வளவு வருசமா ஏன்கா எனக்குச் சொல்லல்ல?"

றோசம்மா தரையைப் பார்த்தாள். "நோகல்ல எண்டு சொன்னா உங்கட முகம் அப்பிடிப் பூரிக்கும். அத எப்பிடி மிஸி கெடுக்கிற?"

ஜூலி மிஸிக்குக் கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, நீள ஊசியை எடுத்தார்.

"இண்டைக்கும் நோகும்."

"நொந்தா நோகட்டும். போடுங்க."

ஊசி தோலில் படுவதற்கு முதலே றோசம்மா கத்தத் தொடங்கிவிட்டாள்.