பத்துப் பச்சைச் சட்டைகள்

அந்த அலுவலகத்தில் ஊர்களை வரைகிறவர்கள் பதினான்கு பேர். கட்டுகிறவள் ஒருத்திதான். மாடல் அக்கா என்றால் வாசல் காவலர் முதல் மூன்றாம் மாடி சீஃப் வரை எல்லோருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருடங்களாக நுரை அட்டையிலும் மெல்லிய மரத்தகட்டிலும் வருங்கால நகரங்களை அவள் செய்து வருகிறாள். ஐம்பது வருடம் கழித்து இப்படி இருக்கும், எழுபது வருடம் கழித்து அப்படி இருக்கும் என்று வரைகிறவர்கள் அடித்துச் சொல்வார்கள். அவள் தலையாட்டிவிட்டுக் கத்தியை எடுப்பாள். அவள் கட்டிய ஊர்களில் பாதி, பீரோக்களின் மேல் தூசி பிடித்துக் கிடக்கின்றன. வருங்காலம் வந்து எட்டிப் பார்க்காமலே பழசாகிப்போன ஊர்கள்.

வீட்டில் இருக்கும் கணவரோ வருங்காலத்தின் பரம ரசிகர். பஸ் கண்டக்டராக இருந்தவர். நுரையீரல் மக்கர் செய்ததால் ஐம்பத்தோரு வயதிலேயே பையைக் கழற்றி வைத்துவிட்டார். தெருவில் இன்னும் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வேலை பார்த்த காலத்தில் கடைசி நிறுத்தத்தில் பஸ் நிற்கும் பத்து நிமிடத்திலும் விஞ்ஞானக் கதை படித்தவர். இப்போது தினமும் காலையில் பஸ் பிடித்து நூலகத்துக்குப் போய், ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டு இன்னொன்றோடு திரும்புவார். கண்ணாடிக் கூரைக்குள் இருக்கும் ஊர், கடலடியில் ஊர், தானாக நகரும் நடைபாதை, பறக்கும் பஸ் எல்லாம் அவருக்கு அத்துப்படி.

"எல்லாம் சரி, அந்தப் பறக்குற பஸ்ல டிக்கெட் குடுக்குறது யாரு? எந்தக் கதையிலயும் கண்டக்டரே கிடையாது. எங்க ஆளுங்களை எல்லாம் என்ன பண்ணாங்கன்னு ஒருத்தனும் எழுதல" என்று அலுத்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவருக்கு வருங்காலம் வாசற்படிக்கே வந்தால் எப்படி இருக்கும்! அவர்கள் தெருவையும் சுற்றியுள்ள பழைய குடியிருப்புகளையும் எடுத்துவிட்டு, அதே இடத்தில் உயரமான வீடுகளும், வண்டியே நுழையாத நடைவீதியும், அதன் கோடியில் புதிய பஸ் நிலையமும் கட்டுவதாகத் திட்டம். திட்டம் போடுவது மனைவியின் அலுவலகம். மாடல் செய்வது மனைவி. கண்டக்டர் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தார்.

"நம்ம வீட்டை இடிக்கிறதே நம்ம வீட்டம்மாதான். வேற யாருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்?"

அவளுக்கும் முதலில் அதில் வருத்தமில்லை. ஒழுகுகிற கூரைக்காக யார் அழப்போகிறார்கள்? எட்டாவது மாடியில் வெளிச்சமான வீடு, லிஃப்ட், தண்ணீர் எல்லாம் வரட்டும் என்றுதான் நினைத்தாள்.

ஐந்நூறில் ஒரு பங்கு அளவில் மாடல். அந்த அளவில் மனிதன் என்பவன் மூன்றரை மில்லிமீட்டர். மெல்லிய கம்பியை நறுக்கி, இடுக்கியால் வளைத்து, வண்ணத்தில் ஒரு தொடு தொட்டு, நூற்றுக்கணக்கில் செய்து டப்பாவில் போட்டு வைப்பாள். பெஞ்சு இன்னும் சின்னது. வரைபடத்தில் நடைவீதியின் ஓரமாகப் பெஞ்சுகள் இருந்தன. அவளும் ஒன்று விடாமல் செய்து வைத்தாள்.

சீஃப் வந்து பார்த்தார். கெட்டவர் இல்லை. யாருக்காவது காய்ச்சல் என்றால் தானே காரில் கொண்டுபோய் வீட்டில் விடுகிறவர். ஆனால் மாடலில் ஒரு தூசி இருந்தால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"அக்கா, வீதியில என்ன இது, பிஸ்கட் தூள் மாதிரி?"

"பெஞ்சு சார்."

"பெஞ்சாவே தெரியலையே. குப்பை பெருக்காத ஊர் மாதிரி இருக்கு. எடுத்துடுங்க. வீதி சுத்தமா, ஓட்டமா தெரியணும்."

அவள் பிரஷை எடுத்தாள். அரை நிமிட வேலை. வீதி பளிச்சென்று ஆகிவிட்டது.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாடலைப் பார்த்து சீஃப் செய்கிற மாற்றங்களை, வரைகிறவர்கள் மாடலைப் பார்த்தே வரைபடத்திலும் செய்துவிடுவார்கள். ஒரு சுவர் நகர்ந்திருந்தால் அங்கேயும் நகரும். இந்தத் தடவை அவர்கள் மாடலைப் பார்த்தார்கள், பெஞ்சு இல்லை. வரைபடத்திலிருந்தும் பெஞ்சை எடுத்துவிட்டார்கள். யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிஸ்கட் தூள் மாதிரித் தெரிந்த குற்றத்துக்காக ஒரு ஊரே உட்கார இடமில்லாமல் போயிற்று.

அவளுக்கு அது உறைத்தது அடுத்த வாரம்தான். அன்று காலை அலுவலகத்துக்குத் தாமதமாகப் போகலாம் என்று அனுமதி வாங்கியிருந்தாள். பஸ் நிறுத்தம் வரை இருவரும் சேர்ந்து நடந்தார்கள். தையல்காரர் கடை வந்ததும் கண்டக்டர் நின்றார். வெளியே கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"இந்தக் கதையைக் கேளு. ஒரு ஊர்ல ரோடு எல்லாம் தானா நகருமாம்..."

கேட்டாள். எழுந்து நடந்தார்கள். மருந்துக்கடைப் படியில் மறுபடி உட்கார்ந்தார். "நேத்து படிச்சேன், நிலாவுல ஒரு ஊரு..." அப்புறம் தண்ணீர்த் தொட்டியின் குட்டைச் சுவர். அங்கே கடலடி நகரம். அவள் அன்று ஏனோ அவர் வாயைப் பார்க்காமல் தோளைப் பார்த்தாள். கதையின் முதல் வரிக்கு முன்னால் தோள் ஏறி ஏறி இறங்கியது. இரண்டாவது வரி வருவதற்குள் வெளுத்திருந்த உதடு பழைய நிறத்துக்குத் திரும்பியது. கதை முடிந்தபோது மூச்சு சீராகியிருந்தது. அத்தனை வருடமும் மனிதர் கதை சொல்வதற்காகத்தான் நிற்கிறார் என்று நம்பியிருந்தாள். நிற்பதற்காகத்தான் கதை சொல்லியிருக்கிறார்.

மிச்சத் தூரம் அவள் காலடிகளை எண்ணிக்கொண்டே நடந்தாள். தொண்ணூறு. மறுபடி தொண்ணூறு. அதற்கு மேல் ஒருதடவையும் போகவில்லை.

அவரை பஸ் ஏற்றிவிட்டு அலுவலகம் போனதும் நேராக மாடலுக்கு முன்னால் நின்றாள். வீட்டு வாசலிலிருந்து பஸ் நிலையம் வரை ஐந்து சாண். அறுநூறு மீட்டர். முக்காலி இல்லை, படி இல்லை, குட்டைச் சுவர் இல்லை. தன் கையாலேயே பெருக்கித் தள்ளிய வீதி. இந்த ஊர் வந்தால் அந்த மனுஷன் எட்டாவது மாடி ஜன்னலிலிருந்து பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நூலகம் போயிற்று, கதை போயிற்று.

சீஃபிடம் போய்ச் சொன்னாள். அவர் வெள்ளிக்கிழமை நகரக் குழு வருகிற பரபரப்பில் இருந்தார்.

"பெஞ்சுதானே அக்கா? அப்புறம் போட்டுக்கலாம்."

"நாலு தப்படிக்கு ஒண்ணு வேணும்னு கேக்கல சார். ஒரு பத்து..."

"அஞ்சு சாண் வீதிக்குப் பத்து பெஞ்சா?" என்று சிரித்தார். பாவம், கேலி செய்யவில்லை. மேலேயிருந்தே பார்த்துப் பழகிய கண். மாடலுக்குள் இறங்கி நடந்தவர் யார்?

அப்புறம் என்ற சொல்லுக்கு அந்த அலுவலகத்தில் என்ன பொருள் என்று இருபத்திரண்டு வருடம் பார்த்தவளுக்குத் தெரியும். குழு தலையாட்டிவிட்டால் வரைபடத்தில் முத்திரை விழும். பிறகு ஒரு செங்கல்லை நகர்த்தவும் எட்டுக் கையெழுத்து வேண்டும்.

வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டு வேளையில் அவள் சாப்பிடப் போகவில்லை. கம்பியை நறுக்கினாள். மனிதனை உட்காருகிற மாதிரி மடித்தாள். சட்டைக்குப் பச்சை தொட்டாள், கண்டக்டர் நூலகத்துக்கு மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிற இரண்டுமே பச்சைதான். ஒன்று செய்தாள், இரண்டு செய்தாள், பத்து செய்தாள். பிறகு கை தானாகப் பதினொன்றாவதையும் செய்துவிட்டது. அதை மட்டும் நிற்கிற மாதிரி விட்டு, காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, குழு வந்து லிஃப்டில் ஏறுகிற நேரத்தில், பத்துப் பேரையும் நடைவீதியில் ஒட்டினாள். தொண்ணூறு காலடிக்கு ஒருவர், அதாவது பதினோரு சென்டிமீட்டருக்கு ஒருவர். எல்லோரும் வெறும் தரையில். வேலை போனாலும் போகும் என்று நினைத்தாள். போகட்டும் என்றும் நினைத்தாள்.

குழுத் தலைவி கனத்த உடம்புள்ள அம்மாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மாடலைக் குனிந்து பார்த்தார். சீஃப் பேசிக்கொண்டே போனார். காற்றோட்டம், நிழல், ஓட்டம், மனித நதி. அந்த அம்மாளின் விரல் வீதியில் நின்றது.

"இது யாரு? நதியில ஒருத்தர் உக்காந்திருக்காரே?"

சீஃப் எட்டிப் பார்த்தார். முகம் போன போக்கைச் சொல்ல முடியாது.

"அடுத்தும் இருக்காரு. இங்கயும். எல்லாருக்கும் பச்சைச் சட்டை. ஏதாவது போராட்டமா?"

குழுவில் ஓரிருவர் சிரித்தார்கள். பதில் சொல்ல வேண்டியவர் சீஃப். ஆனால் அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். குழு வரும் நாட்களில் சுவரோரம் பசை பாட்டிலோடு நிற்பதுதான் அவள் வேலை. வாயைத் திறந்ததே இல்லை.

"பத்துப் பேர் இல்லீங்கம்மா. ஒருத்தர்தான்" என்றாள். "என் வீட்டுக்காரர். அந்த இடத்துலதான் எங்க வீடு வரப்போகுது. அவருக்குத் தொண்ணூறு காலடிக்கு மேல மூச்சு தாங்காது. எங்கெங்க உக்காருவாரோ அங்கங்க வச்சிருக்கேன்."

அம்மாள் ஒவ்வொரு பச்சையாகப் பார்த்துக்கொண்டு வீதியின் கோடி வரை போனார். பஸ் நிலையத்தில் தேடினார்.

"இங்க காணோமே அவரை?"

"அவரு இன்னும் போய்ச் சேரலைங்கம்மா."

அம்மாள் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, தன் முட்டியைத் தேய்த்துக்கொண்டார். "நான் நாலாவது ஆளோட உக்காந்திருப்பேன். அதுக்கு மேல நமக்கும் ஆகாது" என்றவர் சீஃபைப் பார்த்தார். "ஏன், ஒரு பெஞ்சு கூடவா போடக் கூடாது?"

சீஃப் நினைத்திருந்தால் மழுப்பியிருக்கலாம். "இருந்துச்சு மேடம். மாடல்ல அசிங்கமா தெரியுதுன்னு நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றார். அவர் மேல் அவளுக்கு இருந்த மரியாதை அன்றைக்கு இரட்டிப்பானது. அன்று முத்திரை விழவில்லை. பெஞ்சு, கைப்பிடி, நிழல் எல்லாம் வரைபடத்தில் ஏறிய பிறகே, அடுத்த கூட்டத்தில் விழுந்தது. மாடலில் பெஞ்சுகளை அளவுக்குச் சற்றுப் பெரிதாகவே செய்யச் சொன்னார் சீஃப். யார் கண்ணுக்கும் இனி அது தூளாகத் தெரியக் கூடாதாம். பச்சைச் சட்டைகளை எடுக்க வேண்டாம், தூக்கிப் பெஞ்சில் வையுங்கள் என்றும் சொன்னார்.

அத்தனையும் நடந்தும் அவளுக்கு நெஞ்சு கனத்தது. ஊருக்கே போட்டுக் கொடுத்துவிட்டாளே! அவர் இத்தனை வருடம் கதை சொல்லிக் கதை சொல்லி மறைத்ததை, அவள் பத்து இடத்தில் பச்சை வண்ணம் அடித்து வைத்துவிட்டாள். வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

மாடலை நகரக் கூடத்தில் மக்கள் பார்வைக்கு வைத்த அன்று கண்டக்டர் பச்சைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினார். கூடத்தில் உயரமான வீடுகளைப் பார்த்தார், தலையாட்டினார். வீதிக்கு வந்தார். ஒரு பெஞ்சு, ஒரு பச்சை. அடுத்த பெஞ்சு, அடுத்த பச்சை. டிக்கெட் எண்ணுகிற பழக்கத்தில் விரல் தானாக எண்ணியது. பத்தாவதில் நின்றது. அவர் நிமிரவே இல்லை.

"எவ்வளவு நாளா தெரியும் உனக்கு?"

"இப்பதாங்க. ரெண்டு மாசமா."

"அப்ப, அந்தக் கதையெல்லாம்..."

"கதை நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். "நிலா ஊரு பாதியில நிக்குது. நீங்க முடிக்கவே இல்ல."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். அவர் நகரவில்லை.

"பத்து எடத்துல உக்கார வச்சியே" என்றார் கடைசியில். குரல் கொஞ்சம் பிசிறியது. "பஸ் வரைக்கும் கொண்டுபோய் விட மாட்டியா?"

அவள் பையைத் திறந்து, அந்தக் காகித மடிப்பைப் பிரித்தாள். இடுக்கியும் பசையும் எங்கே போனாலும் கூடவே வரும். பதினொன்றாவது ஆளை, பஸ் நிலையத்தில் நின்ற ஓர் அங்குல பஸ்ஸின் பின்வாசல் படியில் நிறுத்தினாள். பயணிகள் இருக்கையில் வைக்கவில்லை. இருபத்தாறு வருடம் அவர் நின்ற இடம் அது.

கண்டக்டர் குனிந்து அதைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு குரல் கொடுத்தார்.

"போலாம்... ரைட்!"