கம்ப்யூட்டரை எழுப்பிய கிழங்கு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள். இதுவரை எழுதியதெல்லாம் லீவு லெட்டரும் ரேஷன் கடைக்குக் கொடுத்த ஒரு மனுவும்தான். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தும்மல் வந்தால் வெளியே போய்த் தும்மிவிட்டு வருகிற ஆள். நான் எழுதி நீங்கள் படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகம்தான். ஆனால் இது நடந்தபோது அங்கே இருந்தவர்களில் எழுதக்கூடியவர்கள் யாரும் எழுதவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் கடைசியில் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் மலைக்காய்கறி விளைவிக்கிறவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அதில் கூட்டிப் பெருக்கி, டீ வாங்கி, ரிஜிஸ்டர் தூக்கிக் கொடுக்கும் வேலை எனக்கு. அட்டுவம்பட்டியிலிருந்து நடந்தே வருவேன். சங்கத்தில் மூன்றே பேர். மேனேஜர், டைப் அடிக்கும் அக்கா, நான். நாலாவதாகக் கம்ப்யூட்டர் வந்தது.

இப்போது லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. கரண்ட் போனாலும் தானே விழுந்து தானே எழுந்துகொள்கிறது என்கிறார்கள். அப்போது அது பிறக்கவில்லை. எங்களிடம் இருந்தது யூனிக்ஸ் வகை, அதற்கு அண்ணன் முறை வேண்டும். அதைத் திடீரென்று நிறுத்தினால் கோபம் வந்துவிடும். மறுபடி போட்டதும் வேலை செய்யாது, கேள்வி கேட்கும். இந்தக் கோப்பு உடைந்திருக்கிறது, சரிசெய்யட்டுமா? இது யாருடையது என்று தெரியவில்லை, எடுத்து வைக்கட்டுமா? ஒவ்வொன்றுக்கும் ‘ஒய்’ அழுத்தினால் ஆம். ‘என்’ அழுத்தினால் வேண்டாம். ஒரு நாளைக்கு இருநூறு கேள்வியாவது கேட்கும்.

முறையாகச் சொல்லி நிறுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் எங்கள் மலையில் இடிச் சத்தம் கேட்டால் மெயினை இறக்கிவிடுவது வழக்கம். எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகையில் நாலு மணியானால் இடி முழங்கும். மெயின் சுவிட்ச் மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. தூரத்தில் லாரி டயர் வெடித்தாலும் அவர் கை அங்கே போய்விடும்.

“ஒரு வார்த்தை சொல்லிட்டு அணைங்க சார், நான் மெஷினை நிறுத்திக்கிறேன்” என்பாள் அக்கா.

“இடி எங்கிட்டச் சொல்லிட்டா வருது?” என்பார் அவர்.

ஆகவே தினமும் காலையில் அக்கா அந்த இருநூறு கேள்விக்கும் உட்கார்ந்து ஆம் சொல்ல வேண்டும். மதுரையில் இரண்டு வாரம் படித்துவிட்டு வந்தவள். எல்லாவற்றுக்கும் ஒய் அழுத்து என்றுதான் அங்கே சொல்லியிருந்தார்கள். இடது கையில் வாரப் பத்திரிகையை வைத்துக்கொண்டு வலது கையால் அழுத்திக்கொண்டே இருப்பாள். கொஞ்ச நாளில் ஆள்காட்டி விரல் நுனி காய்த்துப்போனது.

ஆனால் கேள்வி ஓடும் நேரத்தில் வேறு யாரும் தொடக்கூடாது என்று மேனேஜர் உத்தரவு. அதற்குக் காரணம் அவர்தான். ஒருமுறை அக்கா சாப்பிடப் போயிருந்தபோது அவரே உட்கார்ந்து, எதற்கு எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டும் என்று ஒரே ஒரு ‘என்’ அழுத்தினார். லாரி முறைப் பட்டியலில் மன்னவனூர்ப் பக்கம் முழுதும் காணாமல் போனது. யாருடைய கேரட் எந்த லாரியில் என்றைக்கு மலை இறங்க வேண்டும் என்பது அந்தப் பட்டியலில்தான் இருந்தது. மறுநாள் பதினோரு பேர் ஒரே லாரிக்கு மூட்டையோடு வந்து நின்றார்கள். அதிலிருந்து கேள்வி ஓடும்போது கீபோர்டைப் பார்த்தாலே அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார்.

“அந்தப் பிள்ள கை ஒண்ணுதான் படணும். வேற மனுசக் கை படப்படாது” என்பார்.

இதனால் மாட்டிக்கொண்டது அக்கா. அவளுக்கு இருபத்தெட்டு வயது. ஊர் வத்தலக்குண்டு. பெண் பார்க்க வருகிறார்கள் என்று இரண்டு முறை வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். இரண்டு முறையும் மெஷின் எழாமல் லீவு கிடைக்கவில்லை. வந்தவர்கள் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாவதாக ஒரு இடம் வந்தது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறார்கள்.

“இந்தத் தடவ நான் போகலேன்னா என் சித்தப்பா மகளை உக்கார வச்சுருவோம்னு அம்மா சொல்லிருச்சு பிள்ள” என்றாள் என்னிடம். “எனக்கு அந்த ஆளு போட்டோ பிடிச்சிருக்கு.”

நான் டம்ளரைக் கழுவப் போய்விட்டேன்.

மேனேஜர் லீவு கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை. “வெள்ளிக்கிழமை காலைல லாரி நிக்கும். பத்து மணிக்குள்ள மெஷின் எழும்பலேன்னா உங்க வீட்டுப் பக்கத்துக் கடைக்கு டிரங்க் கால் போட்டுருவேன். அடுத்த பஸ்ஸப் பிடிச்சு வந்துரணும்.”

அன்று மத்தியானம் அக்கா வெகுநேரம் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “ஏன் பிள்ள, ஒய்யை அழுத்திப் பிடிச்சா அது தானா ஒய் ஒய் ஒய்யின்னு போகும்ல? மேல ஒரு கனத்த வச்சுட்டுப் போனா என்ன?” என்றாள்.

சங்கத்தில் கனத்துக்கா பஞ்சம்? கிடங்கு நிறைய உருளைக்கிழங்கு. ஆனால் கிழங்கு அகலமானது, ஒரே நேரத்தில் நாலு எழுத்தை அமுக்கும். மூக்கு வைத்த கிழங்காக வேண்டும். இருவரும் ஒரு மணி நேரம் மூட்டை மூட்டையாகத் தேடி, நடுவில் கட்டைவிரல் போல முளைவிட்டுப் புடைத்திருந்த ஒன்றைக் கண்டுபிடித்தோம். மூக்கு ஒய் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. அக்கா அதற்கு ஒரு முத்தமே கொடுத்துவிட்டாள். மண்ணோடு.

மேனேஜர் சாப்பிடப் போன நேரத்தில், கிழங்கை வைத்து மெயினை இறக்கி ஏற்றிப் பார்த்தோம். மெஷின் ‘கீய்ங்’ என்று கத்திவிட்டு அப்படியே நின்றுவிட்டது. அதற்கு ஒரு குணம் உண்டு. கண் விழிக்கும்போது யாராவது எழுத்தின் மேல் உட்கார்ந்திருந்தால் பிடிக்காது. முதலில் விழிக்க வேண்டும், தன் உடம்பைத் தானே தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும், அதன் பிறகுதான் கேள்வி, அதன் பிறகுதான் பதில். கரண்ட் வந்து ஐந்து நிமிஷம் கழித்துக் கிழங்கு தானாக வந்து உட்கார வேண்டும்.

இதையெல்லாம் மெஷினுக்குள்ளேயே ஒரே ஒரு வரி எழுதிச் சரிசெய்யலாம், எல்லாக் கேள்விக்கும் அதுவே ஆம் சொல்லிக்கொள்ளும் என்று ஒரு வருஷம் கழித்து மதுரையிலிருந்து வந்தவர் சொன்னார். அப்போது எங்களுக்கு அது தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது தேங்காய் எண்ணெய்.

கொடைக்கானலில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கல்லாகக் கிடக்கும். அக்கா தன் எண்ணெய் பாட்டிலை மெஷினின் முதுகில்தான் வைத்திருப்பாள். அந்தச் சூட்டில் உருகியதும் எடுத்துத் தலையில் தடவிக்கொள்வாள். அதைப் பார்த்துத்தான் எனக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது.

கிடங்கில் மாதிரிக் காய்கறி நிறுக்கும் தராசு இருந்தது. அதைக் கீபோர்டுக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டோம். ஒரு தட்டைக் கழற்றிவிட்டு அந்தக் கயிற்றில் கிழங்கைக் கட்டினோம், மூக்கு கீழே பார்க்கும்படி. இன்னொரு தட்டில் அடியில் ஓட்டை போட்ட டப்பா, அதில் உறைந்த தேங்காய் எண்ணெய். டப்பாவின் ஓட்டைக்கு நேராகத் தட்டிலும் ஒரு ஓட்டை. பக்கத்தில் நூறு வாட்ஸ் பல்பு. கரண்ட் வந்தால் மெஷினும் விழிக்கும், பல்பும் எரியும். எண்ணெய் உருகிச் சொட்டச் சொட்ட டப்பா லேசாகும், கிழங்கு இறங்கும், ஒய்யில் உட்காரும்.

மேனேஜர் வந்து பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார்.

“இது என்ன?”

“ஆட்டோமேட்டிக் சார்” என்றாள் அக்கா.

“மனுசக் கை படுமா?”

“படாது சார். கெழங்குதான் படும்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “கெழங்குன்னா சரி” என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் அக்கா பஸ் ஏறினாள். ஜன்னல் வழியாக, “எண்ணெய வெளிய வச்சு நல்லா ஒறைய விடு, மறந்துராத!” என்று கத்தினாள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நாலு மணிக்கு இடி இடித்தது. மேனேஜர் மெயினை இறக்கினார். நான் எண்ணெய் உறைந்த டப்பாவைத் தட்டில் வைத்து, கிழங்கு மேலே தூக்கி நிற்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு மேனேஜர் மெயினை ஏற்றினார். வாசலில் லாரி நின்றது. மன்னவனூர்ப் பெரியவர் ஒருவர், அன்றைக்கு லாரியில் முதல் முறை தன்னுடையதுதான் என்று சொல்லிக்கொண்டு உள்ளேயே வந்து நின்றார். மெஷின் விழித்தது. தன்னைத் தடவிப் பார்த்துக்கொண்டது. முதல் கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தது. எண்ணெய் சொட்டவில்லை. அன்று குளிர் அதிகம்.

ஒன்பது நாற்பதுக்கு முதல் சொட்டு விழுந்தது. கிழங்கு ஒரு நூல் இறங்கியது.

“எந்தத் தோட்டத்துக் கெழங்கு இது?” என்றார் பெரியவர்.

“பேசாதீங்க” என்றார் மேனேஜர்.

“இல்ல, மொளவிட்டுருக்கே. இத யாரு எடை போட்டு எடுத்தது?”

கிழங்கு இறங்கிக்கொண்டே வந்தது. பெரியவர் குனிந்து பார்க்க, அவர் மூச்சுக்காற்றில் அது லேசாக ஆடி, பக்கத்து எழுத்தான ‘யூ’வில் போய் உட்கார்ந்தது. யூ என்றால் மெஷினுக்குப் புரியாது. மறுபடி அதே கேள்வி. மறுபடி யூ. திரை முழுக்க அதே கேள்வி ஓட ஆரம்பித்தது.

மணி ஒன்பது ஐம்பத்திரண்டு.

“தள்ளிவிடுங்க சார், அரை இஞ்சுதான” என்றார் பெரியவர்.

“மனுசக் கை படப்படாது!”

“அப்ப ஊதுறேன்.”

அவர் ஊதினார். மேனேஜரும் எதிர்ப்பக்கம் நின்று ஊதினார். கிழங்கு இரண்டு பேருக்கும் நடுவில் யூவிலேயே உட்கார்ந்திருந்தது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு டெலிபோன் பக்கம் திரும்பினார். எனக்கு வத்தலக்குண்டில் அக்கா புடவை கட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. பக்கத்துக் கடையிலிருந்து ஆள் ஓடி வருவதும் தெரிந்தது.

என் தலையிலிருந்த கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினேன். டப்பா இருந்த தட்டில் போட்டேன். நாலாவது ஊசிக்குக் கிழங்கு ஒரு விரல் அளவு எழும்பி அந்தரத்தில் ஆடியது. முடி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. மேனேஜர் ரிசீவரோடு நின்றார், பெரியவர் மறுபடி ஊத வாயைக் குவித்தார்.

“யாரும் மூச்சு விடாதீங்க!” என்று கத்தினேன்.

அந்த அலுவலகத்தில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுவே முதல் தடவை. இரண்டு பேரும் நிஜமாகவே மூச்சை அடக்கினார்கள். லாரி டிரைவர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று தெரியாமலே தானும் அடக்கிக்கொண்டார். கிழங்கின் ஆட்டம் குறைந்து குறைந்து ஒய்க்கு நேராக நின்றது. நான் ஒரு ஊசியை எடுத்தேன். அது இறங்கியது. இன்னொன்றை எடுத்தேன். உட்கார்ந்தது.

ஆம், ஆம், ஆம், ஆம், ஆம். மெஷின் கேட்டு முடிப்பதற்குள் கிழங்கு பதில் சொன்னது. அக்காவுக்குக்கூட அந்த வேகம் வராது. மணி பத்தடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போது, திரையில் பெயரைக் கேட்கும் இடம் வந்துவிட்டது. கிழங்கு அங்கேயும் ஒய் ஒய் ஒய் என்று போட்டுக்கொண்டே போனது.

“போதும், தூக்கும்மா அத!” என்றார் மேனேஜர். தூக்கினேன். பட்டியலை எடுக்க அவருக்குத் தெரியும், கேள்வியெல்லாம் முடிந்துவிட்டதால் பயமில்லாமல் அவரே எடுத்தார். முதல் முறை பெரியவருடையது இல்லை, அவருக்குச் சனிக்கிழமைதான். அவர் கிழங்கை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

நாலு மணிக்கு டிரங்க் கால் வந்தது. மேனேஜர் என்னிடம் ரிசீவரைக் கொடுத்தார்.

“கெழங்கு என்ன ஆச்சு பிள்ள?” அக்காதான்.

“எழுப்பிருச்சுக்கா. அங்க என்ன ஆச்சு?”

“வந்தாங்க. பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டாங்க.”

“உங்களுக்கு?”

“போட்டோவுல காத மறைச்சு எடுத்திருக்காங்க. கொஞ்சம் பெருசு. பரவாயில்ல, எனக்குப் பிடிச்சிருக்கு. அவங்கம்மா என்ன வேலை பாக்கறன்னு கேட்டாங்க. நான் பதட்டத்துல, காலைலேர்ந்து எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னு சொல்லுற வேலைங்கன்னுட்டேன். அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இன்னைக்கே தட்டு மாத்திட்டாங்க.”

நான் சிரித்தேன். பின்னால் மேனேஜர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் அக்கா காலை பஸ்ஸில் வந்து கையெழுத்துப் போட்டாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த லட்டை எங்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். பெரியவருடைய கேரட் பதினோரு மணி லாரியில் மலை இறங்கியது.