சேவல் வாங்கிய அக்காவுக்கு ஓர் அறிவிப்பு

ஆறேழு வருடங்களுக்கு முன், ஆடி மாதத்தில் ஒரு சந்தை நாள். வத்தலக்குண்டு பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு புளிய மரத்தடியில் எங்கள் விளம்பரக் காரை நிறுத்தியிருந்தோம். பக்கத்து ஊர் டூரிங் கொட்டகையில் படம் மாற்றியிருந்தார்கள். இரண்டு பக்கக் கதவிலும் சினிமா போஸ்டர் ஒட்டிக்கொண்டு அதை அறிவிக்கத்தான் திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்தோம்.

நான் திண்டுக்கல்லில் ஒரு மைக் செட் கடையில் வேலை பார்க்கிறேன். எட்டாவது வரை படித்தவன். அப்போது வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் திருவிழா என்று எங்கே போனாலும் ஒயர் இழுப்பதும், குழாய் ஸ்பீக்கரை மரத்தில் ஏற்றிக் கட்டுவதும், ஆம்பிளிபயரைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. மைக்கில் பேசுவது மட்டும் என் பொறுப்பு இல்லை. மைக்கைச் சோதிக்கும்போதுகூட விரலால் தட்டித்தான் பார்ப்பேன்.

காரணம் என் குரல். மீசை வந்த பிறகும் அது உடையாமல் கீச்சென்றே இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒருமுறை எழுந்து நின்று பாடம் வாசித்தபோது வகுப்பு முழுவதும் சிரித்தது. வாத்தியாரும் சிரித்துவிட்டார். அன்றைக்கு மூடிய வாய்தான். கடைக்காரரிடம்கூடக் கையைக் காட்டிச் சாமான் வாங்குகிற ஆள் நான்.

கடை முதலாளி எனக்கு நேர் எதிர். அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கல்லுருட்டுகிற மாதிரி கனத்த குரல் அவருக்கு. அவர் அறிவிப்புச் செய்வதற்காகவே எங்கள் கடையைத் தேடி வருகிறவர்கள் உண்டு.

அந்த வருடம் அண்ணன் எங்கேயோ பழைய ஆம்பிளிபயர் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். வால்வு போட்டது. கார் பேட்டரியிலேயே ஓடும். சுவிட்சைப் போட்டதும் உடனே பேசாது. வால்வுகள் சூடாகிச் சிவக்கிறவரை ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். எல்லோரும் காரின் மேலே ஒரு குழாயைக் கட்டிக்கொண்டு போகிறார்கள், நம் கார் கொட்டகையில் கேட்கிற மாதிரி இனிமையாகக் கேட்க வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. எனக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. எனக்குத் தெரிந்த ரேடியோ மெக்கானிக் ஒருவர் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். காரின் மேலே குழாய், பின்னால் டிக்கியில் மரப்பெட்டிக்குள் ஒரு பெரிய ஸ்பீக்கர். நடுவில் ஒரு கண்டன்சரும் கம்பி சுற்றிய காயிலும். கண்டன்சர் கீச்சென்ற மெல்லிய ஒலியை மட்டும் குழாய்க்கு விடும். காயில் கனத்த ஒலியைப் பெட்டிக்கு அனுப்பும். அதற்கு கிராஸ் ஓவர் என்று பெயராம். நான் இரண்டு வாரம் உட்கார்ந்து அதைச் செய்தேன். பெட்டியைப் பலா மரத்தில் அடிக்கச் சொல்லி வார்னிஷ்கூடப் பூசினேன்.

அன்றைக்குப் புளிய மரத்தடியில் முதல் பாட்டுப் பிளேட்டைப் போட்டதும் மிருதங்கம் டிக்கியிலிருந்து எழுந்து வந்து நெஞ்சில் மோதியது. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசோடு எழுந்து வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்கள். நான் டிக்கிப் பக்கம் ஒதுங்கி நின்று, யாரும் பார்க்காதபோது சிரித்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் ஓடி வந்தார். எதிர்த் தெரு டாக்டரிடம் வேலை பார்க்கும் கம்பவுண்டர். மூச்சு வாங்க அவர் சொன்னது இதுதான்.

சந்தைக்கு வந்த ஒரு பெண், இரண்டு வயதுப் பிள்ளையின் இருமலுக்கு மருந்து வாங்கியிருக்கிறாள். அதே நேரம் ஒரு பெரியவர் மூட்டு வலிக்குத் தேய்க்கிற மருந்து வாங்கியிருக்கிறார். இருவரும் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டில்கள் ஒரே மாதிரி. கூட்டத்தில் கம்பவுண்டர் மாற்றிக் கொடுத்துவிட்டார். பெரியவர் சந்தையிலேயே உட்கார்ந்து முழங்காலில் தேய்த்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் கால் முழுக்க எறும்பு. "என்னய்யா, பாயசத்தைக் குடுத்துவிட்டியா?" என்று அவர் சண்டைக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

"அந்தத் தைலம் சின்னப் பிள்ளை வயித்துக்குள்ள போச்சுன்னா உசுருக்கு ஆபத்துன்னு டாக்டர் சொல்றாரு. சாயங்காலம் கஞ்சி குடுத்துட்டு மருந்து குடுன்னு நான்தான் சொல்லி அனுப்புனேன். அந்தப் பொம்பளை பேரு தெரியாது, ஊரு தெரியாது. சேவுகம்பட்டிப் பக்கம்னு மட்டும் காதுல விழுந்துச்சு. கக்கத்துல ஒரு சேவலை இடுக்கியிருந்தா." என்றார் கம்பவுண்டர்.

 அண்ணன் கார்க் கதவைத் திறந்தார். "ஏறுங்கய்யா" என்றார்.

வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. அண்ணன் ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறு கையில் மைக்குமாக ஓட்டினார். நான் பக்கத்தில், மடியில் ஆம்பிளிபயரோடு. கம்பவுண்டர் பின் சீட்டில்.

"பெருமக்களே! பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. இன்று சந்தையிலே இருமல் மருந்து வாங்கிச் சென்ற தாய்மார் அவர்கள்..." என்று அண்ணன் கனத்த குரலில் ஆரம்பித்தார். இரண்டு மூன்று ஊர் கடந்தோம். பிள்ளைகள் நோட்டீசுக்காகப் பின்னால் ஓடி வந்ததைத் தவிர ஒருவரும் திரும்பவில்லை. சத்தத்தைக் கூட்டலாம் என்று குமிழைத் திருகினேன். டிக்கிப் பெட்டியின் ஒலி மைக்கிலேயே திரும்ப விழுந்து ஊய் என்று ஊளையிட்டது. குறைக்க வேண்டியதாயிற்று. வெளியே ஆடிக் காற்று தென்னை மட்டைகளை அறைந்துகொண்டிருந்தது.

ரோட்டோரம் வெங்காயக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் காரை நிறுத்தினார்.

"என்னத்தா, நாங்க சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு. எந்தப் படம்? அழுகப் படம்னா நான் வரல."

"படம் இல்ல ஆத்தா. இருமல்காரப் பிள்ளைக்கு மருந்து மாறிப்போச்சு, சேவலோட போன பொம்பளையைத் தேடுறோம்னு அம்புட்டு தூரமாக் கத்திக்கிட்டு வாரோம்."

"மருந்தா? ஒம்மு ஒம்முன்னு உலக்கை போடுற மாதிரிதான் கேக்குது. பேச்சு எங்க கேக்குது? இருமல்காரப் பிள்ளையும் தெரியாது, சேவலும் தெரியாது. உள்ள தள்ளி இருக்குற ஊருகள்ல போயி கேளுங்க."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நான் பெருமைப்பட்டுச் செய்த பெட்டிதான் பேச்சைத் தின்றுகொண்டிருந்தது. பாட்டுக்கு அது இனிமை. தூரத்தில் இருக்கிறவருக்குச் சொல் போய்ச் சேர அது தடை.

இறங்கினேன். ஆம்பிளிபயரை அணைத்துவிட்டு, டிக்கிக்குப் போகிற ஒயரைப் பிடுங்கினேன். ஆம்பிளிபயரின் பின்பக்கத் திருகில் குழாயின் ஒயரை மட்டும் மாற்றி முடுக்கினேன். வால்வு மறுபடி சூடாகிறவரை அந்த ஒரு நிமிடம் போகவே இல்லை. கம்பவுண்டர் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குமிழை முழுதாகத் திருகினேன். ஊளை இல்லை. ஆனால் அண்ணன் பேசியதும் இன்னொரு குறை தெரிந்தது. குழாய்க்குப் போகும் வழியில் கண்டன்சர் இருக்கிறதல்லவா, அது கனத்த ஒலியை விடாது. அண்ணனின் குரலில் பாதி அங்கேயே நின்றுவிட்டது. கண்டன்சரை எடுத்துவிட்டால் அந்தக் குரலுக்குக் குழாயின் உள்தகடு கிழிந்துவிடும். பிறகு ஒன்றுமே இருக்காது.

இதை அண்ணனிடம் சொன்னேன்.  அவர் மைக்கை என் கையில் திணித்தார்.

"அப்ப நீ பேசு. உன் கீச்சுக் குரல்தான் இதுக்குச் சரி."

"அண்ணே, எனக்கு வராதுண்ணே."

"வரலைன்னா அந்தப் பிள்ளைக்கு யாருப்பா சொல்றது?"

கார் நகர்ந்தது. மைக் என் கையில் வழுக்கியது, அவ்வளவு வேர்வை. பெருமக்களே என்றெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு, என் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினேன்.

"அக்கா, சந்தையில சேவல் வாங்கிட்டுப் போன அக்கா. பிள்ளைக்கு அந்த மருந்தைக் குடுக்காதீக. பாட்டில் மாறிப்போச்சு. அது தேய்க்கிற தைலம். குடுக்காதீக அக்கா."

என் குரல் வெளியே போய், ஏதோ ஒரு சுவரில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சிரித்த அதே குரல். கம்பி மாதிரி காற்றைக் குத்திக்கொண்டு போனது. கிணற்று மேட்டில் ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டுத் திரும்பினார். வீடுகளுக்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு ஊரில் நாலைந்து பேர் கார் முன்னால் வந்து, "எங்க ஊருல யாரும் சேவல் வாங்கல, அடுத்த ஊருல பாருங்க" என்று தாங்களாகவே வழி காட்டினார்கள்.

அடுத்த ஊரில் நுழைந்து இரண்டாம் முறை சொல்லும்போதே ஒரு கூரை வீட்டிலிருந்து ஒரு பெண் வேகமாக வெளியே வந்தாள். இடுப்பில் பிள்ளை. நேராக என் ஜன்னலுக்கு வந்தாள்.

"ஏய்யா, உனக்கு அறிவிருக்கா? சேவல் வாங்குனதை இன்னும் என் மாமியாகிட்டயே சொல்லல. பஞ்சாரத்துல கவுத்து மூடி வச்சிருக்கேன். நீ என்னடான்னா ஊரு பூரா ஒப்பிச்சிக்கிட்டு வார."

கம்பவுண்டர் கதவைத் திறந்துகொண்டு கீழே குதித்தார். "மருந்து குடுத்தியாம்மா? குடுத்துட்டியா?"

அப்போதுதான் அவளுக்கு முழுதாக உறைத்தது.  எங்களை உள்ளே கூட்டிப் போனாள். அடுப்புக்குப் பக்கத்தில் கஞ்சிச் சட்டி. அதன் அருகில், ஒரு சங்கில் ஊற்றி வைத்த மருந்து, விளிம்பு வரை.

"வாடை ஒரு மாதிரிதான் இருந்துச்சு. மருந்துன்னா நாறத்தானே செய்யும்னு ஊத்திட்டேன். பிள்ளை வாயைத் திறக்கமாட்டேன்னு அழுதான். மூக்கைப் பிடிக்கப் போனேன். யாரோ அக்கா அக்கான்னு கூப்புடுற மாதிரி இருந்துச்சு."  பிள்ளையை இறுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கம்பவுண்டர் சங்கை வெளியே கொண்டுபோய்க் கவிழ்த்தார். சரியான மருந்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். அதை அவள் கையில் கொடுத்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். அதற்குள் பஞ்சாரக் கூடைக்குள்ளிருந்து சேவல் கூவியது. வாசலில் வந்து நின்ற மாமியார், "அந்தச் சேவல்தான் உள்ள இருக்கா?" என்று கேட்டாள். பிறகு மருமகள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி விடு, இருக்கட்டும்" என்றாள்.

 திரும்பும் வழியில் வத்தலக்குண்டு விளக்குகள் தெரிந்ததும் அண்ணன், "படத்தை அறிவிக்கவே இல்லையேப்பா நாம" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். சத்தமாகச் சிரித்தது நான்தான் என்று பிறகு அண்ணன் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் பெரிய பேச்சாளன் ஆகிவிடவில்லை. இன்றும் நாலு பேர் இருக்கிற இடத்தில் வார்த்தை தடுமாறும். ஆனால் மைக்கை விரலால் தட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டேன். வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்லித்தான் சோதிக்கிறேன். பலா மரப் பெட்டி இப்போதும் டிக்கியில் இருக்கிறது, பாட்டுக்கு அதுதான். அதைத் தனியாக அணைக்க ஒரு சுவிட்ச் மட்டும் வைத்தேன். அதைத் தொடும்போதெல்லாம் விளிம்பு வரை நிறைந்த அந்தச் சங்கு நினைவுக்கு வருகிறது. யாருக்கும் வேண்டாம் என்று நானே இருபத்தைந்து வருடம் பூட்டி வைத்திருந்த குரலை, ஒரு பிள்ளை வாயை மூடிக்கொண்டு காத்திருந்து கேட்டிருக்கிறது.