இடைவேளைக்கு வராத போன்

மே மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, மாலை மூன்று ஐம்பதுக்கு என் போன் அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதுப்படத்துக்கு நானும் மகளும் சேர்ந்து போக முடியாத நாட்களில், முதலில் பார்க்கிறவர் இடைவேளையில் மற்றவருக்குப் போன் செய்து முதல் பாதி எப்படி என்று சொல்லியாக வேண்டும். கதையைச் சொல்லக் கூடாது. தேறுமா, தேறாதா, மறுநாள் வரலாமா, அவ்வளவுதான். தென்காசியில் நாங்கள் வழக்கமாகப் போகும் தியேட்டருக்குள் சிக்னல் கிடைக்காது. கேன்டீனைத் தாண்டி வண்டி நிறுத்துகிற இடத்துக்கு வந்துதான் பேச வேண்டும். இரண்டரை மணிக் காட்சி என்றால், விளம்பரமெல்லாம் ஓடி, மூன்று ஐம்பதுக்கு இடைவேளை விடுவார்கள். ஐந்து நிமிடம் முன்னே பின்னே ஆகலாம். அவள் பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் தொடங்கிய வழக்கம் இது. இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. அது நான் போட்டது. டிக்கெட் எடுத்து உட்கார்ந்துவிட்டால், படம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் பாதியில் எழுந்து வரக் கூடாது. முழுசாகப் பார்த்தவருக்குத்தான் திட்டுவதற்கு உரிமை என்பது என் கட்சி.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கோடையில் விடைத்தாள் திருத்தி முடித்த பிறகு எனக்கு இருக்கும் ஒரே கேளிக்கை சினிமா. கணவருக்கு வெளியூரில் வேலை. ஊருக்கு வந்தாலும் தியேட்டர் ஏசியில் நன்றாகத் தூங்குவார். ஆகவே எனக்குத் துணை மகள்தான். அந்த வெள்ளிக்கிழமை எனக்குக் காலையிலிருந்தே தலைவலி. அவள் தோழி ஒருத்தியை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். “முத பாதி நல்லா இருந்தா நாளைக்கு நான் வாரேன்” என்று சொல்லி அனுப்பினேன்.

இந்தக் கோடையில் அது நாலாவது படம். முதலில் வந்தது பெரிய நடிகர் ஒருவர் படம். அவருடைய மகளை வில்லன் ஆட்கள் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர் பதறவில்லை. கூலிங்கிளாஸைத் துடைத்து மாட்டிக்கொண்டு கொட்டும் மழையில் நடக்கிறார், சட்டை நனையவில்லை. முதல் பாதி எனக்குப் பிடித்திருந்தது. இரண்டாம் பாதியில் நாலு சண்டை, நாலும் ஒரே சிவப்பு வெளிச்சத்தில். வெளியே வரும்போது மகள் சொன்னாள்: “அந்தப் பிள்ளைய அவனுவளே திருப்பிக் கொண்டாந்து விட்டுருப்பானுவ யம்மா. பாட்டு முடியட்டும்னு காத்துக் கெடந்தானுவ.”

அடுத்தது பேய்ப்படம். மலைமேல் ஒரு பங்களா, அதில் வாடகைக்கு வருகிறவர்களைக் கண்டு பயப்படுகிற பேய். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் இந்தப் பேய்களெல்லாம் ஏன் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்குமே போகின்றன என்று தெரியவில்லை. எங்கள் பக்கம் வந்தால் அருவியில் குளித்துவிட்டாவது போகலாம்.

மூன்றாவது சின்னப் படம், எல்லாம் புதுமுகங்கள். வெளியூர் போன மகன் வரவில்லை, ஒரு அம்மா காத்திருக்கிறாள். இருபது நிமிடம் அந்தப் பெண் வாசலில் நிற்பதையே காட்டுகிறார்கள். நிற்கிறாள், உள்ளே போகிறாள், அடுப்பை அணைக்கிறாள், மறுபடியும் வந்து நிற்கிறாள். பாட்டு இல்லை, பேச்சும் இல்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. மகள் அழுதுகொண்டிருந்தாள்.

“ஒரு பொம்பள வாசல்ல நிக்கதையா ஏட்டி படம்னு எடுப்பான்? இழுவ.”

“ஒனக்குக் கல்லு மனசு யம்மா.”

இதற்காக இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சு சரியில்லை. படம் நாலே நாளில் தியேட்டரை விட்டுப் போய்விட்டது. நான் ஜெயித்த மாதிரி இருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை, நாலு மணி வரைக்கும் நான் கவலைப்படவில்லை. படம் நீளமாக இருக்கும் என்று நினைத்தேன். நாலு ஐந்துக்கு நானே கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகப் பதிவுக் குரல் சொன்னது. சரி, இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். நாலே காலுக்கும் அதே குரல். தோழியின் நம்பரைத் தேடிப் போட்டால் அதுவும் அப்படியே. நாலரைக்குத் தேயிலையைப் போட்டுவிட்டுப் பாலை ஊற்ற மறந்து வாசலுக்கு வந்தேன். மேற்கே மலை தெரியவில்லை. மேகம் கருகருவென்று இறங்கி, இடி விட்டுவிட்டு உருண்டது. உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு மறுபடியும் வந்து நின்றேன். இருபது நிமிடம் என்று நான் திட்டிய காட்சி. அதில் ஒரு நிமிடத்தைக்கூட வெட்ட முடியாது என்று இப்போது சொல்வேன். அந்த இயக்குநர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஆட்டோக்கார அண்ணாச்சி வண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“என்ன டீச்சரம்மா, வாசல்லயே நிக்கிய?”

“மக மேட்னிக்குப் போயிருக்கா அண்ணாச்சி. இன்டர்வெல்லுக்கு போன் வரல.”

“மேட்னியா? இன்னைக்கு ஏது மேட்னி? கீ வரலன்னுல்லா பேசிக்கிட்டாவ.”

புதுப்படம் இப்போதெல்லாம் பூட்டித்தான் தியேட்டருக்கு வரும். அதைத் திறக்கிற கீயைக் கம்பெனிக்காரர்கள் கம்ப்யூட்டர் வழியாக அனுப்பினால்தான் படம் ஓடும். முதல் நாளில் சில நேரம் அது தாமதமாவது உண்டு.

“மூணரைக்கு நான் அந்த வழியாத்தான் வந்தேன். கூட்டம் கூட்டமா வெளிய வருது. வாச்மேன் கேட்டச் சாத்துதான். சின்னப் பிள்ளைய எல்லாம் வண்டிய எடுத்துக்கிட்டு, வாங்கலே குத்தாலத்துக்குப் போவோம்னு போவுது. அங்க என்னடான்னா அஞ்சருவில தண்ணி திடீர்னு பொத்துக்கிட்டு வருதாம். சைரன் போட்டுட்டாவளாம். இப்பதான் ஸ்டாண்டுல சொன்னானுவ.”

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. “ஒண்ணும் இருக்காது தாயி” என்றார். அதற்குள் நான் கதவை இழுத்துப் பூட்டி, வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

தியேட்டர் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. முதலில் அங்கே போய்ப் பார்த்திருக்கலாம். ஸ்கூட்டி நிற்கிறதா என்று கேட்டிருக்கலாம். ஒரு படத்தில் ஒருத்தி இப்படிப் பக்கத்தில் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு மழையில் மலையடிவாரத்துக்கு ஓடினால் நான் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியும். ‘கதை நகரணுமே, அதான் ஓட விடுதான்’ என்பேன். உண்மையில் அந்த நேரத்துக்கு மனசு ஒரே இடத்தைத்தான் காட்டுகிறது. எனக்குத் தண்ணீர் மட்டுமே தெரிந்தது.

இலஞ்சியைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து காணாமல் போயின. அண்ணாச்சி பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார்.

“பாப்பாவுக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியாது.”

அவர் ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்கினார்.

குற்றாலத்து ஐந்தருவிக்குப் போனபோது மணி ஐந்து. காலையில் நூல் போல வழிந்திருக்கும் அருவி, செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் கேட்கவில்லை. கயிறு கட்டி, போலீஸ்காரப் பெண் ஒருவர் விசிலோடு நின்றார். நான் கயிற்றுக்குக் கீழே குனிந்தேன்.

“எம்மா, எங்க போறிய? வெளிய வாங்க.”

“என் மக… ஸ்கூட்டில வந்திருப்பா… பத்தொன்பது வயசு.”

“யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா. தண்ணி நெறம் மாறுதப்பவே எல்லாரையும் மேல ஏத்தி விட்டாச்சு. ஒரு சீவன் உள்ள இல்ல.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“நாந்தான் கடைசியா ஏறுனேன்.”

அந்தப் பெண்ணின் சீருடை முழங்கால்வரை சேறாக இருந்தது. நம்பாமல் இருக்க எனக்குக் காரணம் இல்லை. ஆனாலும் நம்ப முடியவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் இவள் எங்கே? ஒதுங்கி நின்ற ஒவ்வொரு கூட்டத்திலும் முகம் முகமாகப் பார்த்தேன். வண்டி நிறுத்துமிடத்தில் வெள்ளை ஸ்கூட்டிகளின் நம்பரைப் பார்த்தேன். அண்ணாச்சி வேறொரு பக்கம் தேடிப் போனார்.

படிக்கட்டு ஓரத்தில் செருப்புகள் கிடந்தன. தண்ணீர் வந்த அவசரத்தில் விட்டுப் போனவை. நேந்திரங்காய் சிப்ஸ் கடைக்காரம்மா அவற்றைத் துடைப்பத்தால் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

“செருப்ப விட்டுட்டு உசுரக் கொண்டுட்டுப் போயிட்டாவ. பெறவு வந்து எடுத்துக்கிடுவாவ” என்றார் என்னிடம்.

நான் குனிந்து தேட ஆரம்பித்தேன். மகளுக்குக் கறுப்புச் செருப்பு, குறுக்கே வெள்ளைப் பட்டை. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். கறுப்பு இருந்தது, பட்டை இல்லை. பட்டை இருந்தது, அது ஆண்கள் செருப்பு. கண்டுபிடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே ஒரு பொருளைத் தேடியது அன்றைக்குத்தான். வாரங்கள் ஆகியும், மூன்று ஐம்பது ஆனால் போனை எடுத்துப் பார்க்கிறேன். குவியல் முடிந்தது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

“யம்மா, ஒனக்கு எந்தச் செருப்பு வேணும்? வா, கடையில புதுசா வாங்கித் தாரேன்.”

நிமிர்ந்தேன். மேல்படியில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, தெப்பலாக நனைந்து, என் மகள் நின்றாள். பக்கத்தில் இறங்கி வந்தவளின் முதுகில் ஒன்று வைத்தேன். வைத்த கையை எடுக்கவில்லை.

“ஏட்டி, எங்கட்டி போயிருந்த?”

“படத்துக்குத்தான். வேற எங்க போவேன்? நீ என்ன தேடுத இங்கன?”

“ஒன் கறுப்புச் செருப்ப.”

அவள் என் காலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கறுப்பு, குறுக்கே வெள்ளைப் பட்டை. என்னுடைய பழுப்புச் செருப்பு அவள் காலில் இருந்தது. மத்தியானம் கிளம்புகிற அவசரத்தில் மாட்டிக்கொண்டு போயிருக்கிறாள். சிப்ஸ் கடைக்காரம்மாதான் முதலில் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்படியே ஈரப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

“கீ வரலன்னு அண்ணாச்சி சொன்னாரே?”

“மூணே முக்காலுக்கு வந்துட்டு. அதுக்குள்ள பாதிப் பேரு எந்திரிச்சுப் போயிட்டானுவ. நாங்க இருந்தோம். டிக்கெட் எடுத்தா எந்திரிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு?”

“அதுக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?”

“இன்டர்வெல் வந்தாத்தானே இன்டர்வெல் போன்? இந்தா அஞ்சு நிமிசம், இந்தா அஞ்சு நிமிசம்னு சொல்லிக்கிட்டே இருந்தான். இன்டர்வெல்லே அஞ்சு மணிக்குத்தான் விட்டான். ஒடனே வெளிய வந்து அடிச்சேன். ஆறு தடவ. ஒனக்குப் போகவே இல்ல.”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து ஐம்பது. இடைவேளை ஐந்து மணிக்கு என்றால் படம் முடிய ஆறே கால் ஆகும். வீட்டுக்கு வந்து, அங்கிருந்து இவ்வளவு தூரமும் வந்திருக்கிறாள். கணக்கு உதைத்தது.

“அப்ப படம்?”

அவள் ஹெல்மெட்டுக்குள் தேங்கிய தண்ணீரைக் கீழே கவிழ்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“உள்ள போய் உக்காந்தேன். ஒண்ணும் மண்டைல ஏறல. நீ போன எடுக்காம இருந்ததே கெடையாதுல்லா. கூட வந்தவள அங்கனயே இருக்கச் சொல்லிட்டு எந்திரிச்சு வீட்டுக்கு வந்தா கதவு பூட்டிக் கெடக்கு. அண்ணாச்சி சம்சாரந்தான் குத்தாலத்துக்குப் போயிருக்கன்னு சொன்னாவ.” என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவின் நுனியால் துடைத்தாள். அவள் துப்பட்டாவும் ஈரம், ஒன்றும் துலங்கவில்லை. “முத பாதி நல்லா இருக்கு யம்மா. மிச்சத்த நாளைக்குச் சேந்து பாப்போம்.”