பொடித்துத் தூவிய வினாடி

என் தங்கை புருஷன் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால் ‘கம்ப்யூட்டர் வேலை’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். முழுவதும் சொன்னால் சிரிப்பார்கள். ஒரு காகித ஆலையில் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் சரியான நேரம் காட்டிக்கொடுப்பதுதான் அவர் வேலையில் பாதி. அதே ஆலையில் நான் ஸ்டோர்ஸில் இருக்கிறேன். எனக்கு அவர் மாப்பிள்ளை. ஆலைக்கு அவர் ‘வினாடி’. பெயர் வைத்தவன் எவனோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறான்.

மனிதர் ஒரு மாதிரி. ‘அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்’ என்று யாராவது சொன்னால் போதும், ஈயைப் பார்ப்பது போலப் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகையில் போட்ட நேரத்துக்கு மண்டபத்துக்குப் போய், நாற்காலி இறக்குகிறவர்கள் நடுவில் தனியாக நின்று கோபப்படுவார். வீட்டில் என் தங்கை சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருப்பாள். அது அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள்.

“தெரிஞ்சே பொய் சொல்ற கடிகாரத்தைச் சுவத்துல மாட்டி வச்சிருக்கியே, அசிங்கமா இல்ல?”

“உங்க ஆபீஸ் கடிகாரமா என் பிள்ளைங்கள ஸ்கூலுக்குக் கிளப்புது? பேசாம சாப்பிடுங்க.”

பேசாமல் சாப்பிடுவார். வீட்டில் தோற்பதில் அவருக்கு வருத்தம் இல்லை. ஆலையில் தன் கடிகாரம் சரியாக இருக்கிறது என்பதே அவருக்கு மீசை மாதிரி.

எங்கள் ஆலையில் நேரம் இரண்டு. கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஒன்று, மெஷின் பிரிவுக்கு ஒன்று. காரணத்தைச் சொன்னால் உங்களுக்கே குமட்டும். இரண்டு பிரிவுத் தலைவர்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வாசலில் ஒரே ஒரு மரம். அதன் நிழலில் ஒரே ஒரு கார்தான் நிற்கும். யார் கார் நிற்பது என்பதில் வந்த சண்டை. படித்தவர்கள், தலை நரைத்தவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். ஒருவர் பிரிவின் கடிகாரத்தை இன்னொருவர் பின்பற்றினால் மானம் போய்விடுமாம். அதனால் ஆளுக்கொரு நேரப் பெட்டி வாங்கிக்கொண்டார்கள். இரண்டும் வானத்துச் செயற்கைக்கோளிலிருந்து சரியான நேரத்தையே வாங்கியதால் அதுவரை வம்பு எதுவும் வரவில்லை.

வம்பு பூமி வழியாக வந்தது. பூமி சுற்றுவதில் கொஞ்சம் சோம்பேறி. அது பின்தங்கும்போது, சில வருடங்களுக்கு ஒருமுறை, உலகத்தின் கடிகாரங்களில் ஒரு வினாடியைச் சேர்த்து ஈடுகட்டுவார்கள். அன்றைக்கு ஒரு நிமிடத்துக்கு அறுபத்தொரு வினாடி. மனிதனுக்கு இதில் ஒன்றும் இல்லை, இமைப்பதற்குள் போய்விடும். கம்ப்யூட்டருக்கு அறுபதுக்கு மேல் எண்ணத் தெரியாது. போன முறை அந்த வினாடி வந்தபோது எங்கள் ஆலையின் பெரிய கம்ப்யூட்டர் விழி பிதுங்கி நின்றுவிட்டது. வாசல் கேட் அட்டையை ஏற்கவில்லை. ஒரு ஷிஃப்ட் ஆட்கள் முழுவதும் வெயிலில் நின்றார்கள். அத்தனை வசவும் மாப்பிள்ளைக்குத்தான்.

அதனால் இந்த முறை அவர் வேறு வழி பிடித்தார். அது அவர் கண்டுபிடித்ததல்ல; பெரிய பெரிய கம்பெனிகள் செய்வதுதான். வினாடியை முழுசாக விழுங்கக் கொடுக்காமல் பொடித்து ஒரு நாள் முழுவதும் தூவிவிடுவது. அது வந்து விழும் வேளைக்கு அரை நாள் முன்பே கடிகாரத்தை யாருக்கும் தெரியாத அளவுக்கு மெதுவாக ஓடவிட்டு, அரை நாள் பின்பு வரை அப்படியே ஓட்டினால், கடைசியில் எல்லாம் சரியாகிவிடும். குழந்தைக்கு மாத்திரையைப் பொடித்துச் சோற்றில் கலந்து ஊட்டுகிற மாதிரி. ஒரே ஒரு சங்கடம், அந்த ஒரு நாள் கடிகாரம் காட்டுவது உண்மையான நேரம் இல்லை. விழும் வேளை நெருங்க நெருங்க ஏறக்குறைய அரை வினாடி பின்னால் இருக்கும்.

“மெஷின் பிரிவு பெட்டி வினாடிய மொத்தமா முழுங்கும் சார். நம்ம கடிகாரம் அன்னிக்கு அதோட ஒத்துப்போகாது. அவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிடலாமா?” என்று தன் தலைவரிடம் கேட்டிருக்கிறார்.

“அந்த ஆள்கிட்ட நாம போய் நிக்கணுமா? அவன் கடிகாரம் அவன் பாடு. உங்க வேலையப் பாருங்க.”

மாப்பிள்ளை தன் வேலையைப் பார்த்தார். யாருக்கும் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் அந்த வினாடி விழும் வேளை காலை, ஷிஃப்ட் மாறும் நேரம். காகிதத்தைப் பெரிய சுருளாகச் சுற்றும் மெஷினின் கன்ட்ரோல் ரூமில் அன்று ஒரு பெண் இருந்தாள். பேக்கிங்கில் அட்டைப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள். ‘பொம்பளைக்கு எதுக்கு மெஷின்’ என்று முனகியவர்கள் முனகிக்கொண்டே இருக்க, பரீட்சை எழுதி அந்த நாற்காலிக்கு வந்திருந்தாள். அவள் கை வேகத்தைப் பார்த்து ‘மின்னல்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மெஷின் ஓடும்போது அவள் இடது உள்ளங்கை எப்போதும் சிவப்பு பட்டன் மேலேயே இருக்கும்.

அந்த வினாடி விழச் சற்று முன்னால், சுருள் முக்கால்வாசி சுற்றியிருந்தபோது ஓர் உருளை உள்ளுக்குள் விரிசல் விட்டு உடைந்தது. மெஷின் அலறியது. அலறல் காதில் விழுந்த அந்தக் கணமே அவள் கை பட்டனை அமுக்கிவிட்டது. பிரேக் பிடித்து மெஷின் நின்றது. உருளை போனது போனதுதான். ஆனால் பக்கத்தில் நின்ற ஆட்களுக்குக் கீறல்கூட இல்லை.

வேறு இடமாக இருந்தால் அவளைக் கூப்பிட்டு நாலு பேர் நடுவில் கை கொடுத்திருப்பார்கள். இங்கே விசாரணை வைத்தார்கள். மெஷின் அலறியதைப் பதிவு செய்வது மெஷின் பிரிவின் பெட்டி. பட்டன் அமுக்கியதைப் பதிவு செய்வது கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டர், அதாவது மாப்பிள்ளையின் கடிகாரம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவள் பட்டனை அமுக்கிய பிறகுதான் மெஷின் அலறியிருக்கிறது! வித்தியாசம் வினாடியில் சிறு துணுக்குதான், ஆனால் முன் முன்தான், பின் பின்தான். ஆக, ஒரு காரணமும் இல்லாமல் இவள் திடீரென்று பிரேக் பிடித்தாள், அந்த உலுக்கலில்தான் உருளை உடைந்தது. வேலையை விட்டு நீக்கச் சிபாரிசு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

கடிகாரங்களைச் சோதித்தார்களா என்று கேட்பீர்கள். சோதித்தார்கள், இரண்டு நாள் கழித்து. அதற்குள் தூவிய வினாடி முழுவதும் கரைந்துபோயிருந்தது. இரண்டும் இம்மி பிசகாமல் ஒத்துப்போயின. ‘கடிகாரத்தில் குறை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள்.

அந்தச் சேதி கேட்டதும் மாப்பிள்ளை நேராக ஸ்டோர்ஸுக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“மச்சான், அந்தப் பொண்ணு சொல்றது நிஜம். அலறினப்புறம்தான் அமுக்கியிருக்கா. நம்ம கடிகாரம் அன்னிக்குப் பின்னால ஓடிச்சு.”

“சரி, போய்ச் சொல்லிட வேண்டியதுதானே?”

“எங்க தலைவர் வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டார். நம்ம பிரிவோட கடிகாரம் தப்புன்னு நாமளே சொன்னா அந்த ஆளு ஊரெல்லாம் சிரிப்பான்னு.” பக்கத்துப் பெட்டி மேல் உட்கார்ந்தார். “கொடுமை என்ன தெரியுமா மச்சான்? அவ வேகமா அமுக்கினதுதான் தப்பாப் போச்சு. இன்னொரு செகண்ட் கொட்டாவி விட்டுட்டு அமுக்கியிருந்தா பதிவு சரியா வந்திருக்கும். பொழச்சிருப்பா.”

ஒரு மரத்து நிழல் சண்டைக்காக ஒருத்தி வயிற்றில் அடிப்பார்கள், அதற்கு ஒரு கம்ப்யூட்டரைச் சாட்சிக்கு வேறு கூப்பிடுவார்கள். தூ!

“நீங்க பேசலேன்னா என் தங்கச்சிகிட்ட நான் பேசுவேன்” என்றேன். தன் பிரிவுத் தலைவரைவிட அவளுக்குத்தான் அவர் பயப்படுவார்.

இறுதி விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், புது உருளை எப்போது வரும் என்று சொல்ல. அதனால் கண்ணால் பார்த்தேன். நீள மேஜையின் இரண்டு கோடியில் இரண்டு தலைவர்கள், நடுவில் ஆலை மேலாளர், சுவரோரம் ஒரு ஸ்டூலில் அந்தப் பெண். மாப்பிள்ளை எழுந்து நின்றார்.

“அன்னிக்கு என் கடிகாரம் பொய் சொல்லிச்சு சார். நான்தான் சொல்ல வச்சேன்.”

வினாடியைப் பொடித்தது, தூவியது, எல்லாவற்றையும் சொன்னார். தனக்குத் தெரிந்தும் மெஷின் பிரிவுக்குச் சொல்லாததையும் சொன்னார். அவர் தலைவர் கூரையைப் பார்த்தார். மெஷின் தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை; ஒருத்தியின் பிழைப்பு மேஜை மேல் கிடக்கும்போது அந்த ஆளுக்குச் சிரிப்பு வந்தது.

மேலாளருக்குப் பாதி புரிந்தது. பெண் மேல் தப்பில்லை என்று எழுதச் சொன்னார். அவள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தோடு முடிந்திருந்தால் இதை நல்ல கதை என்று சொல்லியிருப்பேன்.

“சரி, இனிமே இந்த மாதிரிக் குழப்பம் வராம இருக்க என்ன பண்ணலாம்?” என்றார் மேலாளர்.

“ரெண்டு பிரிவும் ஒரே கடிகாரத்தப் பார்த்தாப் போதும் சார்” என்றார் மாப்பிள்ளை.

“யாரோட கடிகாரத்த?” என்று இரண்டு கோடியிலிருந்தும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அத்தனை வருடத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு கேள்வியில்தான்.

அரை மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். மேலாளருக்குத் தலைவலி வந்துவிட்டது. கடைசியில் மெஷின் தலைவர்தான் சொன்னார்: கடிகாரங்கள் அரை வினாடி முன்பின் இருந்தாலும் வரிசை மாறாமல் இருக்க, பட்டனை அமுக்கினால் ஒரு வினாடி கழித்து பிரேக் பிடிக்கிற மாதிரி வைத்துவிடலாம், பிரேக் பிடித்த நேரத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். கம்ப்யூட்டர் தலைவர் யோசித்துவிட்டு, அந்த ஒரு வினாடியைத் தன் பிரிவுதான் வைக்கும் என்றால் சம்மதம் என்றார். மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினார்கள், தீக்குச்சியை யார் கிழிப்பது என்பதில் மட்டும் கௌரவம் பார்த்தார்கள். மாப்பிள்ளை அதை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். ஒரு நாளில் ஒருமுறை தைரியம் வரும் மனிதர், அது செலவாகிவிட்டது.

புது உருளை வந்த பிறகு ஒரு காலை மாப்பிள்ளை அந்த ஒரு வினாடித் தாமதத்தைப் பொருத்தப் போனார். வேண்டிய சாமானைக் கொடுக்க நானும் கூடப் போனேன். நாற்காலியில் அவள்தான் இருந்தாள். அவர் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“சார், நீங்க அன்னிக்குப் பேசலேன்னா நான் இங்க இல்ல. மறக்க மாட்டேன்” என்றாள். பிறகு, “ஒண்ணு கேக்கலாமா?”

“கேளும்மா.”

“மெஷின்ல யாராவது கை மாட்டிக்கிட்டாலும் ஒரு செகண்ட் ஆகுமா சார்?”

ஸ்குரூவைத் திருகிக்கொண்டிருந்த கை நின்றது. அப்புறம் மறுபடி திருகியது.

“ஆர்டர்ல அப்படித்தாம்மா போட்டிருக்கு.”

வேலை முடிந்தது. காகிதம் ஏற்றாமல் வெறும் உருளையை ஓடவிட்டார்கள். அவர் தன் சோதனைக் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு, “அமுக்கும்மா” என்றார்.

அவள் அமுக்கினாள். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பளபளவென்று உருளைகள் சுற்றுவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் விரல்கள் பட்டனை விடாமல் அழுத்தி வெளுத்துப்போயிருந்தன. பிறகுதான் பிரேக் பிடித்தது.

மாப்பிள்ளை கருவியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“கரெக்டா ஒரு செகண்ட்!” என்றார். “துளி கூடல, குறையல.”

அவள் அவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சொன்னது என்ன என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கருவியை மெதுவாக மேஜை மேல் வைத்தார்.

அவள் எழுந்து பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“மேஸ்திரிகிட்ட சொல்லிடுங்க சார், நான் பேக்கிங்குக்கே போறேன்” என்றாள். “இங்க உக்காந்து ஒருத்தன் சாகறத ஒரு செகண்ட் வேடிக்கை பாக்க என்னால ஆகாது.”