காதில் சாரணி

என் காது பொல்லாத காது. பாண்டி பஜார் நடைபாதையில் ஆசையாக வாங்கும் தொங்கட்டான் எதைப் போட்டாலும் மறுநாள் புண்ணாகிவிடும். மணிகளில் தப்பில்லை, எல்லாம் அந்தக் கொக்கியின் வேலை. கல்லூரியில் எல்லோரும் காதில் ஏதாவது ஆட ஆட வரும்போது நான் மட்டும் மொட்டுத் தோட்டோடு போவேன். எரிச்சலாக வரும்.

மந்தைவெளியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அம்மா வீணை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஒரு மாணவி சாரணியை அறுத்துவிட்டாள். சாரணி என்றால் வீணையின் முதல் தந்தி, பாட்டு பெரும்பாலும் அதில்தான் ஓடும். குப்பைக்குப் போக இருந்த அந்த எஃகுக் கம்பியில் ஒரு துண்டை வளைத்துக் காதில் மாட்டிப் பார்த்தேன். ஒரு வாரம் ஆயிற்று. காது வாயைத் திறக்கவில்லை!

அன்றிலிருந்து எந்த மாணவி கம்பியை அறுத்தாலும் எனக்குத் தீபாவளி. ஆனால் சாரணி ரோஷக்காரி. பேனா ரீஃபிலில் சுற்றினால், விட்ட மறுகணம் விரிந்து கட்டைவிரலுக்கு மோதிரமாகிவிடும். ஆகவே வேண்டிய அளவைவிட ஒல்லியாக, ஸ்வெட்டர் பின்னும் மெல்லிய ஊசியில் சுற்ற வேண்டும். மணியைக் கோத்து, நுனியைக் கண்ணியாக மடித்து, குறடால் பிடித்து ஆறு முறுக்கு. இழுத்தால் விரல்தான் அறும், முறுக்கு அவிழாது.

"படிக்கற பொண்ணு கம்பியை முறுக்கிண்டு உக்காந்திருக்கா" என்பாள் அம்மா. அவள் வீணைக்குக் கம்பி மாற்றினால் அரை மணி நேரம் ஆகும். அப்படியும் கம்பி நுனியில் போடும் கண்ணி நழுவும். அதை நான் சொல்லிக்காட்டியதில்லை என்று சொன்னால் பொய்.

நவராத்திரிக்குப் பக்கத்துக் கோயிலில் அம்மாவுக்குக் கச்சேரி வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் மேடை. ஒரு மாதமாக அடுப்படியில்கூட விரல்கள் தாளம் போட்டன. எனக்கோ அன்றைக்கு நீலமணியில் புதுத் தொங்கட்டான் போட்டாக வேண்டும். பாழாய்ப்போன மாணவிகள் அந்த மாதம் பார்த்து ஒழுங்காக வாசித்தார்கள். அம்மாவின் வீணைக் கம்பிப் பெட்டியில் புதுச் சாரணி ஒன்று சுருளாக இருந்தது. ஒரு சாண்தானே என்று வெட்டினேன். நாலு கொக்கி கோணிப்போய் இன்னொரு சாணும் போயிற்று.

கச்சேரியில் மூன்றாவது பாட்டு. டங்கென்று சாரணி அறுந்தது.

அம்மா பதறவில்லை. பெட்டியைத் திறந்து புதுச் சுருளைப் பிரித்து வீணைமேல் நீட்டினாள். இரண்டு சாண் குறைந்தது. நிமிர்ந்து முதல் வரிசையைப் பார்த்தாள். என் முகத்தை அல்ல, காதை. சட்டென்று தொங்கட்டானைக் கையால் மறைத்தேன்.

மிருதங்கக்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு தனி ஆவர்த்தனத்தைத் தொடங்கிவிட்டார். நான் கைப்பையோடு மேடையேறினேன். குறடு எப்போதும் அதில் இருக்கும். கம்பி அடிப்பக்கத்தில், மாட்டும் கண்ணிக்கு அருகில்தான் அறுந்திருந்தது. மேலே, சுருதி ஏற்றத் திருகும் பிருடையில் நாலைந்து சுற்று மிச்சம் இருந்தது. அதைத் தளர்த்தி இழுத்து, அறுந்த நுனியை மடித்து ஆறு முறுக்கு முறுக்கினேன். அம்மா பிருடையைத் திருகத் திருக சுருதி ஏறியது. கண்ணி அசையவே இல்லை.

"காதை ஆத்துக்குப் போய்த் திருகறேன்" என்றாள் காதோடு. பிறகு வாசித்தாள் பாருங்கள், அப்படி ஒரு வாசிப்பை அதற்கு முன் நான் கேட்டதில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தாளம் தப்பியது.

வீட்டுக்கு வந்ததும் அவள் கை நேரே என் காதுக்கு வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அவள் திருகவில்லை. தொங்கட்டானை விரலில் ஏந்தி, அந்த முறுக்கை வெகுநேரம் பார்த்தாள்.

"இத்தனை வருஷமா எனக்கு இவ்வளவு கெட்டியா வரலையேடி" என்றாள். வெட்டுப்பட்ட சாரணிச் சுருளை எடுத்து என் மடியில் போட்டாள். "மிச்சத்துல எனக்கும் ஒரு ஜோடி பண்ணு. பச்சை மணியில."